பெட்டிக்குள் நடுவர் இல்லை

கரம்போட் ஆடும்போது சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஆள் இருக்கும். சிவப்பைப் போட்டவன் அடுத்த காயைப் போடத் தவறினால் சிவப்பைத் திருப்பி வைக்க வேண்டுமா, ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் எத்தனை காய் கட்ட வேண்டும் என்று குரல் உயரும். பக்கத்தில் நின்று பார்க்கும் பெரியப்பா ஒருவர் "இஞ்ச அப்பிடித்தான் ஆடுற" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். 304 என்ற காட்ஸ் விளையாட்டிலும் அப்படித்தான். ஆரையம்பதியில் ஒரு வழக்கம், கல்முனைப் பக்கம் வேறு வழக்கம். செத்தவீட்டு இராமுழிப்பில் இரண்டு ஊர் ஆட்களும் ஒரே பாயில் இருந்தால், காட்ஸ் பிரிப்பதற்கு முன்னமே எந்த ஊர் வழக்கம் என்று பேசிவிடுவார்கள். இந்த விளையாட்டுகளுக்கு வெளியீட்டாளர் கிடையாது. விதிகள் ஆட்களோடு வந்தவை. சந்தேகம் என்றால் ஆளைக் கேட்கலாம்.

பெட்டியில் வரும் போர்ட் கேம் வேறு. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் யாரோ ஒருவர் விதிகளை எழுதிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார். நாங்கள் மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் அதைத் திறந்து, அவர் மனதில் இருந்த விளையாட்டை அவர் இல்லாமலே கண்டுபிடிக்க வேண்டும். அவர் எழுத மறந்த இடத்தில் விளையாட்டு நின்றுபோகும். அதனால்தான் நான் நம்புகிறேன், விதிப்புத்தகம்தான் வெளியீட்டாளர் விளையாடுபவரோடு பேசும் முதல் பேச்சு. அதற்குப் பிறகு வரும் அறிவிப்பு, திருத்தம், தாமதத்துக்கான விளக்கம், விலையேற்றச் செய்தி எல்லாமே அந்தப் பேச்சின் தொடர்ச்சி. பேச்சை இடையில் நிறுத்துகிறவர் அரைகுறைப் பெட்டி ஒன்றைத்தான் விற்றிருக்கிறார்.

இதை எழுதும் நான் அந்த வெளியீட்டாளர்களின் கணக்குப் புத்தகத்தில் இல்லாதவன். மட்டக்களப்புக் கடைகளில் கரம்போட், செஸ், லூடோ கிடைக்கும். 1995 இல் கிளாவுஸ் டொய்பர் உருவாக்கி, அந்த ஆண்டே ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதைப் பெற்று, உலகம் முழுக்கப் பரவிய கட்டான் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டிகள் வந்ததெல்லாம் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரரின் பயணப் பெட்டிகளில், சொக்லேற்றுக்கும் சென்ற் போத்தலுக்கும் இடையில். காசு கொடுத்தவர் அங்கே இருக்கிறார், விளையாடுகிறவர்கள் இங்கே இருக்கிறோம். அந்தத் தூரத்தில் இருந்து பார்க்கும்போது, எந்த வெளியீட்டாளர் யாரோடு பேசுகிறார், யாரை மறக்கிறார் என்பது நன்றாகத் தெரிகிறது.

இந்தப் பேச்சு பழையது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த அவலொன் ஹில் என்ற கொம்பனி போர் வரலாற்று விளையாட்டுகளை விற்றது. 1964 இல் 'ஜெனரல்' என்று ஒரு சஞ்சிகையைத் தொடங்கியது. விதியில் சந்தேகம் வந்தால் கேள்வியை எழுதி, பதில் வருவதற்கு முத்திரை ஒட்டிய கடித உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கொம்பனியில் ஒருவர் இருந்து பதில் எழுதி அனுப்புவார். அதே சஞ்சிகையில் 'எதிராளி தேவை' என்று வாசகர்கள் விளம்பரம் போட்டார்கள். தனியாக ஓர் ஊரில் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தவன் அடுத்த ஊரில் விளையாட ஆள் தேடிக்கொண்டான். சிலர் தபாலிலேயே ஒவ்வொரு நகர்வாக அனுப்பி மாதக்கணக்கில் ஆடினார்கள். பெட்டியை விற்றதோடு வேலை முடிந்தது என்று அந்தக் கொம்பனி நினைக்கவில்லை. விளையாட ஆள் கிடைக்காவிட்டால் பெட்டி அலுமாரியின் மேல் கிடக்கும், அடுத்த பெட்டி விற்காது என்று அதற்குத் தெரிந்திருந்தது. வியாபாரக் கணக்குத்தான். ஆனாலும் அந்தக் கணக்குக்குள் மனிதர்கள் இருந்தார்கள்.

அதைவிட ஒரு படி மேலே போனவர் ஜிம் டனிகன். நியூயோர்க்கில் எஸ்பிஐ என்ற நிறுவனத்தை நடத்தி, 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டக்டிக்ஸ்' சஞ்சிகையின் ஒவ்வொரு இதழோடும் ஒரு முழு விளையாட்டையே சேர்த்துக் கொடுத்தார். இதழின் பின்பக்கத்தில் கேள்விகள் இருக்கும். இந்த இதழின் விளையாட்டுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எத்தனை புள்ளி? நாங்கள் யோசித்து வைத்திருக்கும் அடுத்த விளையாட்டுகளில் எதை வாங்குவீர்கள்? வாசகர்கள் அட்டையில் எண்களை எழுதி அனுப்புவார்கள், எந்த விளையாட்டைச் செய்வது என்பதை அந்த எண்களைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். வீடுகளில் இணையம் இல்லாத 1970களில் இது நடந்தது. இன்றைக்கு எவ்வளவோ வசதி இருந்தும் கேட்காமல் செய்கிறவர்களை நினைக்கும்போது, தபால் அட்டையில் கேட்ட அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் அந்தக் கதை நல்லபடி முடியவில்லை. எஸ்பிஐ கடனில் விழுந்தது. 1982 இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் கொம்பனி அதைக் கையகப்படுத்தியது. கையகப்படுத்திய பிறகு, பழைய சந்தாக்காரருக்குச் சஞ்சிகை அனுப்பும் பொறுப்புத் தங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. ஆயுட் சந்தா கட்டியவர்களுக்கும் அதே பதில்தான். சட்டப்படி பார்த்தால் கொம்பனியின் சொத்தை எடுத்தவர் கடப்பாட்டை எடுக்கத் தேவையில்லை என்று வாதாடலாம். ஆனால் பல ஆண்டுகளாக அட்டையில் எண் எழுதி அனுப்பி, அடுத்த விளையாட்டு எது என்று தீர்மானித்த ஆட்கள் அவர்கள். அந்தச் சஞ்சிகை தங்களுடையது என்று நினைத்திருந்தார்கள். எஸ்பிஐயில் வேலை செய்த பலர் வெளியேறி அவலொன் ஹில்லின் கீழ் விக்டரி கேம்ஸ் என்ற புதுப் பிரிவைத் தொடங்கினார்கள். வாசகர்களில் பலர் டிஎஸ்ஆர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பெயரையும் சில அச்சுத் தகடுகளையும் வாங்கலாம், அந்தப் பெயரோடு பேசிக்கொண்டிருந்த ஆட்களை வாங்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்த விடயம்.

ஜெர்மனியில் இன்னொரு பக்கத்தால் இதே வேலை நடந்தது. அங்கே முன்பு பெட்டியில் கொம்பனியின் பெயர்தான் இருக்கும், ஆக்கியவரின் பெயர் இருக்காது. 1988 இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தைக்கு வந்திருந்த ஆக்குநர்கள் சிலர், எங்கள் பெயரைப் பெட்டியில் போடாத வெளியீட்டாளருக்கு இனி விளையாட்டுக் கொடுக்கமாட்டோம் என்று ஒரு பியர் கிளாஸ் அட்டையில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். இன்று மூடியில் ஆக்குநரின் பெயர் இருக்கிறது. என் மருமகன் பெட்டியை எடுத்தவுடன் முதலில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். ஒக்டோபர் மாதம் எஸன் நகரில் நடக்கும் விளையாட்டுச் சந்தையில் அந்த ஆக்குநர்களே மேசையில் இருந்து, வந்தவர்களுக்கு விதி சொல்லிக் கொடுப்பார்கள். ஜெர்மன் கொம்பனிகள் பலவற்றில் தொலைந்த காயைத் திரும்ப அனுப்புவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இதெல்லாம் பேச்சுத்தான்.

இப்போது இந்தத் தொழிலில் பல பெட்டிகளுக்கு அச்சிடும் முன்பே ஆட்கள் பதிவு செய்கிறார்கள், சில இடங்களில் பணமும் கட்டுகிறார்கள். அதோடு பேச்சின் தன்மையும் மாறிவிட்டது. கலிபோர்னியாவின் ஜிஎம்டி கேம்ஸ் இதைப் பக்குவமாகச் செய்கிறது. அவர்கள் செய்ய நினைக்கும் விளையாட்டின் பெயரையும் விளக்கத்தையும் போடுவார்கள். விரும்புகிறவர்கள் பதிவு செய்வார்கள், அவர்களுக்கு விலை குறைவு. பதிவு 500 ஐத் தாண்டினால் விளையாட்டு அச்சு வரிசைக்குப் போகும். பெட்டி அனுப்பத் தயாராகும் நேரத்தில்தான் காசு எடுப்பார்கள். அதுவரை எவருடைய பணமும் அவர்கள் கையில் இல்லை. நிறுவனத்தை நடத்தும் ஜீன் பில்லிங்ஸ்லி மாதந்தோறும் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகிறார். எது அச்சில், எது பிந்துகிறது, ஏன் பிந்துகிறது என்று நீண்ட கடிதம். சில விளையாட்டுகள் ஆண்டுக்கணக்கில் 500 ஐ எட்டாமல் கிடக்கும். அதுவும் ஒரு பதில்தான், ரசிகர்கள் கொம்பனிக்குச் சொல்லும் பதில்.

கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளத்தின் வழியில் பணம் முதலில் போய்விடும். இங்கேதான் நெஞ்சு படபடக்கும். 2020 மார்ச் 31 இல் ஐசாக் சில்ட்ரஸ் என்ற ஆக்குநர் ஃப்ரொஸ்ட்ஹேவன் விளையாட்டுக்கு நிதி திரட்டத் தொடங்கினார். இங்கே நாங்கள் ஊரடங்குக்குள் இருந்த நாட்கள். 83,193 பேர் ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் டொலர் கட்டினார்கள். 2021 மார்ச்சில் தருவதாகச் சொன்னார். கொரோனாவும் கப்பல் கட்டண உயர்வும் வந்தன. பெட்டிகள் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2022 இன் கடைசியிலும் 2023 இலும். இவ்வளவு பிந்தியும் பெரும்பாலானவர்கள் அவரை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுத்துவேலை எங்கே நிற்கிறது, அச்சுக்கூடம் என்ன சொல்கிறது என்று இடைவிடாமல் சொன்னார். கதையில் வரும் இனக்கூட்டங்களைச் சித்திரித்த விதத்தில் குறை இருக்கிறது என்று உணர்ந்தபோது, ஜேம்ஸ் மெண்டஸ் ஹோட்ஸ் என்ற பண்பாட்டு ஆலோசகரை அமர்த்தித் திருத்துகிறேன் என்பதையும் வெளிப்படையாக அறிவித்தார். அதற்காகச் சிலர் அவரைத் திட்டினார்கள். திட்டு வரும் என்று தெரிந்தும் சொன்னார்.

அதே காலத்தில் மித்திக் கேம்ஸ் என்ற நிறுவனம், பணம் கட்டி ஆண்டுகள் ஆன ஆட்களிடம், செலவு கூடிவிட்டது, பெட்டி வேண்டுமென்றால் மேலும் பணம் கட்டுங்கள் என்று 2022 இல் கேட்டது. செலவு கூடியது உண்மை, அதில் பொய் இல்லை. ஆனால் ஆட்கள் கொதித்துப்போனார்கள். 2022 இல் இந்த மண்ணில் பெற்றோல் வரிசையில் நின்ற எவருக்கும் அந்தக் கொதிப்புப் புரியும். ஒரு பெற்றோல் செற்றில் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்: இன்று பெற்றோல் இல்லை, பவுசர் நாளை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், வந்தால் இத்தனை வாகனத்துக்குத்தான் காணும். சனம் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த நாள் வந்தது. இன்னொரு செற்றில் கயிறு கட்டியிருந்தது, கேட்க ஆளே இல்லை. இரவெல்லாம் சனம் அங்கேயே படுத்துக் கிடந்தது, விடிய அங்கேதான் கைகலப்பு. இரண்டு செற்றிலும் பெற்றோல் இல்லை என்பது ஒன்றுதான்.

கெட்ட செய்தியை எண்ணோடு சொல்கிற வெளியீட்டாளரை நான் நம்புகிறேன். 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரியை உயர்த்தியபோது, போர்ட் கேம் தொழில் ஆடிப்போனது. பெட்டி, காட்ஸ், மரக்காய், பிளாஸ்டிக் உருவம் எல்லாம் பெரும்பாலும் சீனாவில்தான் செய்யப்படுகின்றன. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி ரசிகர்களுக்குக் கணக்குப் போட்டே காட்டியது. முந்தின ஆண்டு 3 டொலருக்குச் செய்த பொருள் 54 வீத வரியோடு 4.62 டொலராகிறது, அதுவும் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால். கப்பல் கூலி, களஞ்சியச் செலவு, கடைக்காரரின் பங்கு எல்லாம் சேர 25 டொலர் விளையாட்டு 40 டொலராகிவிடும். சில நாளில் வரி 145 வீதமானது. ஸ்டோன்மையர் கேம்ஸின் ஜேமி ஸ்டெக்மயர், தான் செய்விக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு 10 டொலருக்கும் 14.50 டொலர் வரி கட்ட வேண்டும், அப்போது செய்து முடித்துக்கொண்டிருந்த பெட்டிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் என்று எழுதினார். பிறகு அரசாங்கத்துக்கு எதிராக வழக்கும் போட்டார்.

எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். பால்மா விலை ஏன் ஏறியது என்று ஒருவர் எண்ணோடு சொன்னால், விலை இறங்காவிட்டாலும் மனம் இறங்கும். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று மட்டும் சொன்னால் இரண்டும் இறங்காது.

ஸ்டெக்மயர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையில் அவர் தேர்ந்தவர். 2019 இல் எலிசபெத் ஹார்கிரேவ் ஆக்கிய விங்ஸ்பான் வந்தது. 170 பறவைக் காட்ஸ் உள்ள அழகான விளையாட்டு. அச்சிட்டது விரும்பியவர்களுக்குக் காணவில்லை. கடைக்காரரும் ரசிகர்களும் கோபப்பட்டார்கள், வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்குகிறார்கள் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். அவர் ஒளிக்கவில்லை. எத்தனை பெட்டி அச்சிட்டோம், ஏன் அவ்வளவு மட்டும், அடுத்த தொகுதி எப்போது என்று எழுதி மன்னிப்பும் கேட்டார். ஆண்டு முடிந்ததும் எந்த விளையாட்டு எத்தனை விற்றது, எது சரிவரவில்லை என்று ரசிகர்களுக்கு அறிக்கை வெளியிடுகிறார். பங்குதாரருக்குக் கொடுக்கும் கணக்கை விளையாடுகிறவருக்கும் கொடுக்கிறார். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸும் இப்படி ஆண்டறிக்கை தருகிறது. இரண்டும் தனியார் கொம்பனிகள், யாருக்கும் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

பேச்சு அடியோடு முறிந்த நிகழ்வு என்றால் 2023 ஜனவரிதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துத் தங்கள் கதைகளையும் துணை விளையாட்டுகளையும் செய்யலாம், விற்கலாம் என்று டிஎஸ்ஆருக்குப் பிறகு அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கொம்பனி 2000 ஆம் ஆண்டில் ஒரு திறந்த உரிமம் கொடுத்திருந்தது. அதை நம்பிச் சிறிய வெளியீட்டாளர் பலர் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, அந்த உரிமத்தை இல்லாமலாக்கிப் புதிய உரிமம் கொண்டுவரப் போகிறார்கள் என்ற வரைவு ஜனவரி தொடக்கத்தில் கசிந்தது. ஆண்டு வருமானம் 50,000 டொலரைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும், 750,000 ஐத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதில் 25 வீதம் வரை கொம்பனிக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கொம்பனி தானாக ரசிகர்களுக்குச் சொல்லவில்லை. பத்திரிகையாளர் சொல்லித்தான் தெரிந்தது. கொம்பனி ஒரு வாரம் சரியான விளக்கம் ஒன்றும் தரவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக அதன் இணையச் சந்தாவை நிறுத்தினார்கள்.

13 ஆம் திகதி ஒரு விளக்கம் வந்தது. அதில் நாங்களும் வென்றோம் நீங்களும் வென்றீர்கள் என்ற மாதிரி ஒரு தொனி. வீட்டை இடிக்க வந்தவர் இடிக்காமல் திரும்பிப்போகும்போது கைகுலுக்கக் கேட்டதுபோல் இருந்ததால் கோபம் கூடியது. பிறகுதான் சரியான காரியத்தைச் செய்தார்கள். புதிய வரைவைப் பகிரங்கமாக வைத்துக் கருத்துக் கேட்டார்கள். 15,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அவர்களில் 88 வீதமானோர் இந்தப் புதிய உரிமத்தின் கீழ் எதையும் வெளியிடமாட்டோம் என்றார்கள். ஜனவரி 27 இல் கொம்பனி பழைய உரிமத்தை அப்படியே விட்டது. அதோடு நிற்கவில்லை, அடிப்படை விதிகள் முழுவதையும், எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமத்தில் கொடுத்தது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. கொம்பனியின் வாக்கை இனி நம்பத் தேவையில்லாத மாதிரிக் கொம்பனியே செய்துகொண்டது. நம்பிக்கை உடைந்த இடத்தில் இன்னொரு வாக்குறுதியைக் கொடுக்காமல், மீறவே ஏலாத ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த முழுச் சம்பவத்திலும் எனக்குப் பிடித்த ஒரே செயல் அது.

எங்கள் ஊர் ஆட்கள் மனதில் தைக்கவேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். நெடுங்காலம் அதற்குள்தான் கச்சேரி இயங்கியது. பிறப்புப் பத்திரத்துக்கும் காணிக் கடிதத்துக்கும் அந்த மதில் வாசலால் நுழைந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஐரோப்பியர் கடல் கடந்து போய்ப் பிடித்த நிலங்களை ஆடுகளமாக வைத்த போர்ட் கேம்கள் ஏராளம். பெரும்பாலானவற்றில் நாம் ஆடுவது கப்பலில் வந்தவரின் கையால். கரையில் நின்றவருக்குக் காய் இல்லை.

2019 இல் ஜிஎம்டி கேம்ஸ் ஆபிரிக்காவை ஐரோப்பியர் பங்கு போட்டுக்கொண்டதை வைத்து ஒரு விளையாட்டைத் தன் பதிவுப் பட்டியலில் போட்டிருந்தது. அந்தக் கொடுமையை ஆய்வுப் பயணம்போல் இலேசாக எடுத்திருக்கிறீர்கள் என்று விமர்சனம் எழுந்தது. பில்லிங்ஸ்லி அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், ஏன் எடுத்தோம் என்று தன் பெயரில் வாடிக்கையாளருக்கு எழுதினார். அவருடைய வாடிக்கையாளர் பலருக்கு அது பிடிக்கவில்லை. வரலாற்றை விளையாடக் கூடாதா என்று கேட்டார்கள். நான் வரலாற்றை விளையாட வேண்டும் என்ற பக்கம். ஆனால் மேசையில் இருக்கும் ஒருவரின் பாட்டனைக் காயாக்கும்போது, அவருக்கும் சேர்த்து விதி எழுத வேண்டும். ஒரு வெளியீட்டாளர் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தது, புளியந்தீவில் கோட்டை மதிலைப் பார்த்துக்கொண்டு வாசித்த எனக்குப் பெரிய விடயம்.

இனி எங்களைப் போன்ற தூரத்து ஆட்களிடம் வருகிறேன். கிக்ஸ்டார்டரில் இலங்கையில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது. வெளிநாட்டுத் திட்டத்துக்குப் பணம் கட்டலாம் என்றாலும், அனுப்பும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருப்பது அபூர்வம். இருந்தாலும் அனுப்பும் கூலி பெட்டியின் விலையை எட்டிவிடும், அதற்குமேல் சுங்கத் தீர்வை. ஆகவே எங்களுக்கும் வெளியீட்டாளருக்கும் இடையில் காசுத் தொடர்பு இல்லை. பேச்சுத் தொடர்பு மட்டும்தான். அதனால் அது எங்களுக்குப் பல மடங்கு பெறுமதி.

அண்ணா ஸ்கார்பரோவிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியில் ஒரு நிற மரக்காய் முழுத் தொகுதியும் இல்லை. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கொம்பனி. எழுதினேன். இலங்கைக்கு எங்களால் அனுப்ப முடியாது, கூலி கட்டுப்படியாகாது, ஆனால் காய்களின் அளவு இது, அட்டையில் வெட்டிப் பாவிக்கக்கூடிய படம் இது, கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே அனுப்பிவிடுகிறோம் என்று ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதினார். முதல் வரியே "முடியாது" என்பதுதான். ஆனால் அந்த மடல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! இன்னொரு கொம்பனிக்கு விதிச் சந்தேகம் ஒன்று கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பெட்டி நல்ல விளையாட்டு, ஆனால் பிள்ளைகள் இப்போது எடுப்பதில்லை. நாலாவது சுற்றில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சண்டை.

மருமகனும் என் மகளும் ஒருநாள் வேறொரு விளையாட்டில் இப்படி முட்டிக்கொண்டார்கள். "மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளி வந்தா ஆரு வெண்ட? இதுல எழுதியே இல்லியே." "மனே, சண்டை பிடிக்காத, செய்தவரையே கேப்பம்" என்றேன். ஆங்கிலத்தில் எழுத அவனையே விட்டேன். மறுநாளே பதில் வந்தது: நீ கேட்டது சரி, நாங்கள் எழுத மறந்துவிட்டோம், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம். சில மாதம் கழித்து அவர்கள் வெளியிட்ட புதிய விதிப்புத்தகத்தைத் தரவிறக்கிப் பார்த்தால், அந்த வசனம் இருக்கிறது. அவன் அதைப் பாடசாலையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். இந்தப் பிள்ளை அந்தக் கொம்பனிக்கு ஒரு சதமும் கட்டவில்லை. இனிமேல் அந்தக் கொம்பனியின் பெயரைக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வெளியீட்டாளரிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விதிப்புத்தகத்தை யாரும் காசில்லாமல் தரவிறக்கக்கூடிய இடத்தில் வைக்கட்டும். இன்று பெரும்பாலானோர் வைக்கிறார்கள். திருத்தினால் திகதி போடட்டும். ஜிஎம்டி இதை நெடுங்காலமாகச் செய்கிறது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் கடைசியாகத் திருத்திய விதி எது என்று தெரியும். முடிந்தால் அச்சிட்டு வெட்டி விளையாடும் வடிவத்தையும் தரட்டும். 2020 இல் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது அஸ்மொடே போன்ற பெரிய கொம்பனிகளே சில விளையாட்டுகளின் அச்சுப் பிரதிகளை இலவசமாகத் தந்தன. ஊரடங்கு தளர்ந்ததும் காத்தான்குடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோய், தடித்த அட்டையில் அடித்து லெமினேற் பண்ணி எடுத்தோம். நானாவும் எங்களோடு விளையாடத் தொடங்கியது அன்றைக்குத்தான். "இத நாமளே செய்யேலாதா?" என்று முதலில் கேட்டதும் அவர்தான்.

அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் எங்கள் வாவி விளையாட்டு. கொடுவா, மணலை, ஓரா, இறால், நண்டு என்று காட்ஸ். வலை, தூண்டில், தோணி என்று கருவிகள். முகத்துவாரம் வெட்டினால் எல்லாருடைய பிடியும் மாறும். மகள் படம் வரைந்தாள், நானா அடித்தார், விதியை நான் எழுதினேன், தமிழில். கொஞ்சப் பெட்டிதான் செய்தோம். தெரிந்த ஆசிரியர்கள் வழியாகச் செங்கலடி, காரைதீவு, திருக்கோவில் என்று போயிருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் விலைக்குக் கீழே வட்ஸ்அப் இலக்கம் ஒன்று போட்டு, "விளையாட்டில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று எழுதியிருக்கிறோம். கேள்விகள் வருகின்றன, அதிகமும் இரவில், விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே. மேசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் நான் உடனே பதில் போட்டுவிடுவேன்.

போன கிழமை திருக்கோவிலில் இருந்து ஒரு டீச்சர் குரல் பதிவு அனுப்பியிருந்தா. முகத்துவாரம் வெட்டும் காட்டை ஒருவர் போட்டதும், அடுத்தவர் கையில் அதே காட் இருந்தால் உடனே மூடலாமா, தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டுமா? நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை. நானா உடனே மூடலாம் என்கிறார், மகள் கூடாது என்கிறாள். இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எதை விரும்புகிறார்களோ அப்படி ஆடுங்கள், எது நன்றாக இருந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்கள் என்று டீச்சருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் ஆடிப் பார்க்கிறோம். இரண்டாவது அச்சு அதற்குப் பிறகுதான்.